இடி மின்னலைப் படம் எடுப்பது: கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கே கருத்தால் மொட்டை மாடிக்கு ஓடுகிறவன் நான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, பகலில் வேறு வேலை, பத்துப் பன்னிரண்டு வருடமாக இந்தப் பைத்தியம். ட்ரைபாடோடு நிற்பதைப் பார்த்துத் தெருக்காரர்கள் கேட்டது, புதுச்சேரி நண்பர்கள் போனில் கேட்டது, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டது என்று எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிட்டால் எல்லோருக்கும் இதையே அனுப்பிவிடலாம் பாருங்கள்.

அமெரிக்காவில் காரை எடுத்துக்கொண்டு புயல்மேகத்தைத் துரத்துகிறார்களே, அதுதானா இது?

ஸ்டார்ம் சேசிங் என்ற பேர் அதேதான், வேலை வேறு. ஓக்லஹோமா, கன்சாஸ், டெக்சாஸ் பக்கம் ஏப்ரல் முதல் ஜூன் வரை உருவாகும் பெரிய இடிமேகங்களில் சில, தானே சுழன்றுகொண்டு பல மணி நேரம் உயிரோடு இருக்கும். தரையில் ஒரு திசையிலும் மேலே போகப் போக வேறு திசையிலும் வேகமாகக் காற்று அடிப்பதால் வரும் சுழற்சி அது. நிலம் தட்டை, சாலைகள் சதுரங்கக் கட்டம் மாதிரி நேர்நேராக இருக்கும், அதனால் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போகலாம்.

நம்ம ஊர் மேகத்துக்கு ஆயுசு குறைவு. ஒரு கோபுரம் எழும்பி, கொட்டித் தீர்த்து, செத்துப்போக முக்கால் மணி, ஒரு மணி நேரம். அது இறக்கிவிடும் குளிர்காற்று பக்கத்தில் இன்னொன்றைக் கிளப்பிவிடும். எது எங்கே கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் கற்றுக்கொண்ட விதம் இது: ஒரு மே மாத சாயங்காலம் பண்ருட்டிக்கு மேலே பிரமாதமான மேகம், ரேடாரில் ரத்தச் சிவப்பு. பைக்கை எடுத்தேன். நெல்லிக்குப்பம் தாண்டி ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். கேட் திறந்து, பலாப்பழ லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து பண்ருட்டி போய்ச் சேர்ந்தபோது ரோடு நனைந்திருந்தது, மேகம் கரைந்து தாடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது மனைவியிடமிருந்து போனில் ஒரு வீடியோ. எங்கள் வீட்டு மாடிக்கு நேர் எதிரே கொடிகொடியாக மின்னல். அதுவும் துணி எடுக்கப் போன இடத்தில், ஒரு கையில் பக்கெட்டோடு எடுத்தது. இன்றைக்கும் அது எங்கள் வீட்டின் முதல் மூன்று படங்களில் ஒன்று.

அன்றோடு துரத்துவதை நிறுத்தினேன். இந்தக் கரையில் மேகம் மலையில் பிறந்து கடலுக்கு வரும், வழியில் நாம் நின்றால் போதும்.

எந்த மாதம்? எந்தத் திசையைப் பார்த்து நிற்பது?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி, ஆனால் கேமரா கேட்கிறவர்கள் இதைக் கேட்பதில்லை.

ஏப்ரல், மே: கோடை மழை. குறைச்சலாகத்தான் வரும், வந்தால் முரட்டுத்தனமாக இருக்கும். பெரும்பாலும் உள்மாவட்டத்தோடு முடிந்துவிடும், நமக்கு அடிவானத்தில் வெளிச்சம் மட்டும் மிஞ்சும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: நம்முடைய உண்மையான சீசன். கேரளாவில் தென்மேற்குப் பருவமழை பெய்கிற இந்த மாதங்களில் நமக்குப் பகலில் வெயில், மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று, அதைக் கடற்கரைக்காரர்கள் கச்சான் என்பார்கள். ஜவ்வாது மலை, கல்வராயன் மலைப் பக்கம் மதியம் இரண்டு மூன்று மணிக்கு மேகம் திரளும். அந்த மேல்காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். திருவண்ணாமலையில் தொடங்கினால் செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்கு. கள்ளக்குறிச்சியில் தொடங்கினால் உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி வழியாகக் கடலூருக்கு. மணிக்கு 20 முதல் 40 கி.மீ. வேகம் என்று வைத்தால் நாலு மணிக்கு அங்கே, ஏழு எட்டு மணிக்கு இங்கே. ஆபீஸ் விட்டு வந்து காபி குடித்துவிட்டு மாடி ஏறினால் சரியாக இருக்கும். இவ்வளவு மரியாதையான இயற்கை வேறு எங்கே இருக்கிறது?

இன்னொரு கொடுப்பினையும் உண்டு. இந்த மாதங்களில் 15 கி.மீ. உயரத்தில் காற்று எதிர்ப்பக்கமாக, கிழக்கிலிருந்து மேற்கே அடிக்கும். அதனால் மேகத்தின் தலை நம் பக்கம் பரவாமல் பின்னால் மேற்கே இழுபடும். நம் தலைக்கு மேல் நட்சத்திரம் இருக்கும்போதே எதிரே கோபுரம் முழுசாகத் தெரியும், உள்ளே விளக்கு போட்டது மாதிரி.

அக்டோபர், நவம்பர்: திசை மாறிவிடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அதற்கு முந்தைய இரண்டு வாரம் இடி மின்னலுக்குக் குறைவில்லை. அப்புறம் கிழக்கிலிருந்து கொண்டல் காற்று வந்துவிட்டால் மேகம் கடலிலிருந்து வரும், அதுவும் நள்ளிரவு தாண்டி, விடியற்காலை. ஐப்பசி அடைமழையில் இடி குறைவு, சாம்பல் நிற வானம், படம் எடுக்க ஒன்றுமில்லை. அன்றைக்குத் தூங்கலாம்.

இன்றைக்கு வருமா வராதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வானிலை ஆய்வு மையத்தின் ரேடார் படம் இலவசம். கடலூருக்கு காரைக்கால் ரேடார், புதுச்சேரிக்குச் சென்னை ரேடாரும் காரைக்காலும் இரண்டையும் பாருங்கள். படத்தின் மேல் நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இதை மறந்து, பழைய மழைக்காக மாடியில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன். மஞ்சள் என்றால் பரவாயில்லை, சிவப்பு என்றால் பையை எடுங்கள். அடுத்தடுத்து நாலைந்து படம் பார்த்தால் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரிந்துவிடும்.

அடுத்து தாமினி. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் வெளியிட்ட செயலி. நம்மைச் சுற்றி 20 கி.மீ., 40 கி.மீ. வட்டத்தில் எங்கே மின்னல் விழுந்தது என்று காட்டும். படம் எடுக்க மட்டுமில்லை, உயிருக்கும் அது வேண்டும், வயலுக்குப் போகிற உங்கள் உறவினர்களுக்கும் போட்டுக்கொடுங்கள். சாயங்காலம் யாருக்கு எங்கே மழை என்பதற்கு தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் போன்றவர்கள் எழுதுவதையும் பார்ப்பேன். எங்கள் தலைமுறைக்கு இதெல்லாம் இல்லை, டிவியில் ரமணன் சார் வந்தால்தான் உண்டு, அதுவும் பள்ளி விடுமுறைக்காக.

செயலி எதுவுமே இல்லாமலும் பாதி சொல்லிவிடலாம். மதியம் கடல்காற்று வந்துவிட்டதா, மேற்கே காலிஃபிளவர் மாதிரி மேகம் எழுகிறதா, அதன் தலை தட்டையாகி விரிகிறதா என்று பாருங்கள். தலை விரிந்துவிட்டால் உள்ளே மின்சாரம் தயார். கடல்காற்றே வராமல் பகல் முழுக்க மேல்காற்று அனலாக அடித்தால் அன்று சாயங்காலம் பெரும்பாலும் ஏமாற்றம்தான். எங்கள் தெருமுனை டீக்கடை அண்ணன் ரேடார் பார்ப்பதில்லை. மேற்கே ஒரு பார்வை பார்ப்பார், "எட்டு மணிக்கு மேல வரும் தம்பி, பஜ்ஜி மாவு குறைச்சலாவே கரைச்சிருக்கேன்" என்பார். என்னைவிட அவர் கணக்கு அதிகம் பலித்திருக்கிறது.

எங்கே நின்று எடுப்பது?

கடலூர் சில்வர் பீச்சுக்கும் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கும் எல்லோரும் ஓடுவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே நிற்பது வீண். மேகம் வருவது முதுகுப் பக்கம், நடுவில் கட்டடங்கள். கடற்கரை அக்டோபர் விடியற்காலைக்கு, அப்புறம் நம்மைத் தாண்டிக் கடலுக்குள் போன மேகத்தை வழியனுப்ப. வழியனுப்புவதும் நல்ல நேரம்தான். மழை நின்று காற்று கழுவிவிட்ட மாதிரி இருக்கும், மேகம் கடல் மேல் பத்து இருபது கிலோமீட்டர் தள்ளிப்போய் அங்கே மின்னிக்கொண்டிருக்கும், கீழே தண்ணீரில் அதன் நிழல். புதுச்சேரியில் முன்பு பழைய துறைமுகப் பாலத்தை முன்னால் வைத்து எடுப்பார்கள், 2022 மார்ச்சில் அது இடிந்து கடலில் விழுந்துவிட்டது.

மேற்கே பார்க்க ஏரிக்கரைதான் அழகு. ஊசுட்டேரி, பாகூர் ஏரி இரண்டிலும் தண்ணீர் விரிந்து கிடக்கும், மின்னல் இரண்டாகத் தெரியும். ஆனால் ஏரிக்கரை மாதிரி ஆபத்தான இடமும் கிடையாது. சுற்றிலும் தட்டை, நடுவில் நீங்கள் மட்டும் உயரம். மேகம் தூரத்தில் இருக்கும்போது அரை மணி நேரம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். கேப்பர் மலைச் செம்மண் மேட்டில் கடலூரே காலடியில் தெரியும், எனக்குப் பிடித்த இடம். ஆனால் இடி கேட்க ஆரம்பித்த பிறகு அங்கே நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை, உங்களுக்கும் வேண்டாம்.

முடிவில் நான் திரும்பி வருவது வீட்டு மாடிக்குத்தான். கேமரா வெளியே, நான் மாடிப்படி அறைக்குள்ளே. இடம் தேடும்போது முதலில் கூரையைத் தேடுங்கள், அப்புறம் காட்சியை.

எவ்வளவு தூரத்தில் மின்னுகிறது என்று எப்படித் தெரியும்?

மின்னியதும் எண்ண ஆரம்பியுங்கள், இடி கேட்டதும் நிறுத்துங்கள், மூன்றால் வகுங்கள். 3 வினாடிக்கு 1 கி.மீ. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போவதால் வந்த கணக்கு. 30 வினாடிக்குள் கேட்டால் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு வெளியே வரலாம்.

சத்தமே இல்லாமல் மின்னினால் "சூட்டுக்கு மின்னுது" என்பார்கள் வீட்டில். அப்படி ஒன்று கிடையாது. இடி 15 கி.மீ. தாண்டிப் பெரும்பாலும் கேட்காது, வெளிச்சம் இரவில் 100 கி.மீ. தாண்டியும் தெரியும். மாடியில் நின்று நீங்கள் பார்ப்பது திருவண்ணாமலைக்காரர் தலைமேல் விழுவதை.

ட்ரைபாட், செல்போன் எல்லாம் மின்னலை இழுக்குமா?

செல்போன் இழுக்காது. ட்ரைபாடும் காந்தம் மாதிரி இழுத்துவிடாது. ஆனால் வெட்டவெளியில் இரும்புக்காலோடு நிற்கிற ஆள் அந்த இடத்தின் உயரமான பொருள் ஆகிவிடுகிறார், சிக்கல் அங்கே. நேராகத் தலையில் விழுவது குறைவு. பக்கத்து மரத்தில் இறங்கி அங்கிருந்து தாவுவதும், தரைவழியாகப் பரவி ஒரு கால் வழியே ஏறி மறு கால் வழியே இறங்குவதும்தான் அதிகம் கொல்கிறது. ஆடு மாடு கூட்டமாகச் சாவது இதனால்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்திருக்கிறார்கள். அந்த ஆண்டு இயற்கைச் சீற்றத்தில் செத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இது.

மரத்தடி, கீற்றுக் கொட்டகை, பக்கம் திறந்த பஸ் ஸ்டாப் எதுவும் பாதுகாப்பில்லை. கண்ணாடி ஏற்றிய கார், பஸ் நல்லது. காப்பாற்றுவது டயர் ரப்பர் இல்லை, சுற்றியிருக்கும் தகடு. பைக்கும் ஆட்டோவும் அந்தக் கணக்கில் வராது. தலைமுடி சிலிர்த்தாலோ, கைப்பிடிக் கம்பி உர்ரென்று சத்தம் போட்டாலோ கேமராவைப் போட்டுவிட்டு ஓடுங்கள். யாராவது அடிபட்டால் அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது, தொடலாம். மூச்சு, நாடி இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்திவிட ஆரம்பியுங்கள், இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

மிகக் கிட்டத்தில் விழுந்து பார்த்திருக்கிறீர்களா?

ஒரு தடவை. பின் தெருவில், ஐம்பது அறுபது மீட்டர் இருக்கும், தென்னை மரம். நான் மாடிப்படி அறையில், கதவுக்கு உள்ளே. இடி என்றால் உருளும் என்றுதானே நினைத்திருக்கிறோம்? கிட்டத்தில் அது உருளவே இல்லை. புதுப் பாவாடைத் துணியைக் கடைக்காரர் சர்ரென்று கிழிப்பது போல ஒரு சத்தம், அதே கணத்தில் எல்லாம் வெள்ளை, அதற்குப் பிறகுதான் அந்த வெடி. நெஞ்சுக்கூட்டில் யாரோ கையால் தட்டிய மாதிரி இருந்தது. கண் தெளிந்து பார்த்தால் கொட்டுகிற மழையில் தென்னையின் குருத்து எரிந்துகொண்டிருந்தது. கீழே வீட்டில் மோடமும் செட்டாப் பாக்ஸும் போய்விட்டன. சில வாரத்தில் மரத்தின் தலை ஒடிந்து விழுந்தது.

வீடியோ? ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூன்று ஃபிரேம் வெறும் வெள்ளை, அப்புறம் மழை, அப்புறம் நான் சொன்ன ஒரு கெட்ட வார்த்தை. அந்த மின்னல் அதில் இல்லவே இல்லை. கிட்டத்தில் விழுவதைப் படம் எடுக்க முடியாது என்பதை அன்றைக்கு நிம்மதியாக ஒப்புக்கொண்டேன். 10 முதல் 25 கி.மீ. தூரத்தில் இருக்கும் மேகம்தான் நல்ல படம் தரும், முழு உருவமும் தெரியும்.

அனுபவம் வந்துவிட்டால் கொஞ்சம் கிட்டே போகலாம் இல்லையா?

2013 மே 31 அன்று ஓக்லஹோமாவில் எல் ரீனோ என்ற ஊருக்குப் பக்கத்தில் டிம் சமராஸ், அவர் மகன் பால், கூட்டாளி கார்ல் யங் மூவரும் புயல்மேகத்தைத் துரத்தியபோது சுழற்காற்றில் (டொர்னாடோ) சிக்கி இறந்தார்கள். சமராஸ் சுழற்காற்றை ஆராய்ச்சி செய்தவர், இந்த வேலையில் ஜாக்கிரதைக்காரர் என்று பேர் வாங்கியவர். அன்றைய சுழற்காற்று 4 கி.மீ.க்கு மேல் அகலமாகி, திசையும் மாறிவிட்டது. அனுபவத்தைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

"அர்ச்சுனா அர்ச்சுனா" என்று சொன்னால்? கோபுரக் கலசம் இடிதாங்கி என்கிறார்களே?

முதல் கேள்விக்கு: எங்கள் பாட்டி சொல்வார், நானும் சொல்வேன், வீட்டுக்குள் இருந்துகொண்டு. இரண்டாவதற்கு: உச்சியில் உலோகம் இருந்தால் மட்டும் போதாது, அங்கிருந்து மண்ணுக்குள் கெட்டியான கம்பி இறங்க வேண்டும். அது இல்லாததால்தான் கோபுரச் சிலைகள் மின்னலில் உடைகின்றன. கலசத்தை நம்பிக் கோபுர வாசலில் ஒதுங்காதீர்கள்.

நல்ல கேமரா வேண்டுமா, போன் போதுமா?

போனே போதும், ஆட வைக்காமல் நிறுத்த ஒரு ஸ்டாண்ட் மட்டும் வேண்டும். இரவு என்றால் ப்ரோ மோடில் (எல்லாவற்றையும் நாமே வைக்கும் முறை) ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவு 100, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 4 முதல் 8 வினாடி. இது சிரமம் என்றால் வீடியோ எடுங்கள், பிறகு ஃபிரேமைப் பிரித்துக்கொள்ளலாம். திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோகஸையும் லாக் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்னலுக்கும் போன் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும். சில ஃபிரேமில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு என்று வெட்டு விழும். போனின் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் வருவது, பழுது இல்லை.

கேமரா வாங்குவதானால் பழையது போதும். அந்தப் பணத்தில் நல்ல ட்ரைபாட் வாங்குங்கள்.

கேமராவில் இரவுக்கு என்ன செட்டிங்?

மேனுவல் மோட். தூரத்துத் தெருவிளக்கைப் பார்த்து ஃபோகஸ் பிடித்துவிட்டு, லென்ஸை மேனுவலுக்கு மாற்றி அதைத் தொடாதீர்கள். ஐஎஸ்ஓ 100, லென்ஸின் திறப்பு எஃப் 8 (எண் குறைந்தால் திறப்பு பெரிசு), ஷட்டர் 10 முதல் 20 வினாடி. மேகம் ரொம்ப தூரம் என்றால் எஃப் 4, ஐஎஸ்ஓ 400 வரை போகலாம். தெருவிளக்கு வெளிச்சம் அதிகம் உள்ள இடத்தில் 5 வினாடிக்கு மேல் வைத்தால் வானம் ஆரஞ்சு ஆகிவிடும். கேமரா சுருக்காமல் அப்படியே சேமிக்கும் ரா ஃபார்மட்டில் எடுங்கள். ட்ரைபாடில் வைத்தால் லென்ஸின் ஆட்டம் தடுக்கும் பட்டனை அணைத்துவிடுங்கள்.

எல்லோரும் மறப்பது ஒன்று: நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் ரிடக்ஷன், படத்தில் விழும் புள்ளிகளைக் கேமராவே நீக்கும் வசதி. அது இயங்கிக்கொண்டிருந்தால் 20 வினாடிப் படம் எடுத்த பிறகு இன்னொரு 20 வினாடி கேமரா சும்மா இருக்கும். அந்த 20 வினாடியில்தான் அந்த ஆண்டின் சிறந்த மின்னல் விழும். விழுந்திருக்கிறது. முதல் சீசன் பூராவும் எனக்கு மட்டும் துரதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, தொடர்ச்சியாக எடுக்கும்படி போட்டுவிட்டு உள்ளே போய் உட்காருங்கள். மின்னல் வந்த பிறகு பட்டனை அழுத்துகிற வேலை எல்லாம் ஆகாது. முந்நூறு படம் எடுத்தால் பத்தில் மின்னல் இருக்கும், இரண்டு நன்றாக இருக்கும்.

பகலில்?

கஷ்டம். நீண்ட ஷட்டர் வைத்தால் வெளுத்துவிடும். 4கே வீடியோவை ஓடவிட்டுப் பிறகு தேடுவதுதான் மலிவான வழி. மின்னல் ட்ரிக்கர் என்று ஒரு கருவி இருக்கிறது, வெளிச்சத்தைக் கண்டதும் ஷட்டரைத் தட்டிவிடும். ஒரு மின்னல் பெரும்பாலும் ஒரே அடி இல்லை, அதே பாதையில் மூன்று நாலு முறை துடிக்கும், அதனால் முதல் துடிப்பில் விழித்தாலும் அடுத்த துடிப்பைப் பிடித்துவிடும். பகலில் நான் மின்னலை விட்டுவிட்டு மேகத்தை எடுப்பேன். மழைக்கு முன்னால் கறுப்பு அலமாரித் தட்டு மாதிரி நீளமாக ஒரு மேகம் உருண்டு வரும், ஷெல்ஃப் கிளவுட் என்பார்கள். அது தலைக்கு மேல் தாண்டும்போது திடீரென்று குளிரும், புழுதி பறக்கும், எல்லா வீட்டுக் கதவும் ஒன்றாக அடிக்கும். வருடத்தில் இரண்டு மூன்று முறைதான் வடிவாக அமையும்.

அந்தக் காற்றில் கேமரா விழுந்துவிடாதா?

விழும். என்னுடையது விழுந்தது, அதுவும் தண்ணீர்த் தொட்டியின் திறந்த வாயில். ட்ரைபாடின் நடுக்கம்பியை ஏற்றாதீர்கள், கால்களை அகட்டி வையுங்கள், நடுவில் ஒரு துணிப்பையில் இரண்டு செங்கல் தொங்கட்டும். குளிர்காற்று முகத்தில் பட்டதும் தூக்கிவிடுங்கள். அதற்கும் முதல் பெருந்தூறலுக்கும் நடுவில் மூன்று நாலு நிமிஷம் கிடைக்கும்.

லென்ஸில் புகை படர்ந்து எல்லாம் மங்கலாக வருகிறதே?

ஏசி அறையிலிருந்து நேராக எடுத்து வந்திருப்பீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் உடனே வேர்க்கும். அரை மணி முன்னாலேயே பையோடு மாடிப்படியில் வைத்துவிடுங்கள். கடற்கரையில் எடுத்தால் உப்புப் படலமும் சேரும், வறட்டுத் துணியால் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும், முதலில் ஈரத்துணி. வீட்டில் அரிசி டப்பாவில் புதைக்காதீர்கள், மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

ட்ரோன் விடலாமா?

வேண்டாம். மேகம் இறக்கும் காற்றில் அது திரும்பி வராது. புதுச்சேரியில் லாஸ்பேட்டை விமான நிலையமும் கிட்டத்தில் இருக்கிறது.

புயல் வரும்போது கடற்கரைக்குப் போய் எடுக்கலாமா? அதுதானே பெரிய படம்?

பெரிய படமே இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். புயலின் நடுப்பகுதியில் மின்னல் மிகக் குறைவு. மேகம் தாழ்ந்து, மழை பக்கவாட்டில் அடித்து, கரண்ட் போய், எதிரே ஒன்றும் தெரியாது. கையில் கிடைப்பது இருட்டும் சத்தமும். 2011 டிசம்பர் 30 விடிந்த நேரத்தில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது, காற்று 140 கி.மீ. வரை. ராத்திரி முழுக்கத் தகரங்கள் தெருவில் உருண்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்தத் தகரம் ஒன்று போதும். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்ததை விடிந்த பிறகு போய்ப் பார்த்தவர்கள் படம் எடுக்க மனசு வராமல் திரும்பினார்கள். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, நகராமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ஒரே நாளில் புதுச்சேரியில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. காற்று தானே புயல் அளவுக்கு இல்லை, தண்ணீர்தான் வீட்டுக்குள் வந்தது.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் எண்ணைப் பாருங்கள். 1, 2 என்றால் எங்கோ தூரக் கடலில் இருக்கிறது. எண் ஏற ஏற நம் துறைமுகத்துக்கு ஆபத்து கூடுகிறது, 10 என்றால் நம்மேலேயே கடக்கப்போகிறது என்று பொருள். அந்த நாட்களில் கடற்கரையை மூடிவிடுவார்கள். உள்ளே நுழைந்து நீங்கள் அலையில் மாட்டினால், உங்களை மீட்க ஒரு மீனவர் இறங்க வேண்டியிருக்கும்.

நம்ம ஊரில் சுழற்காற்று வருமா?

அமெரிக்க அளவில் வராது. இந்தியத் துணைக்கண்டத்தில் அது வங்காளப் பக்கம்தான். 1989 ஏப்ரல் 26-ல் வங்கதேசத்தில் அடித்ததில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இங்கே எப்போதாவது கடலில் தண்ணீர் தூண் மாதிரி மேலே எழுவதைக் கரையிலிருந்து பார்க்கலாம், சில நிமிஷத்தில் கலைந்துவிடும். நான் இன்னும் பார்த்ததில்லை, பொறாமை மட்டும் இருக்கிறது.

ராத்திரியில் ட்ரைபாடோடு நின்றால் போலீஸ் கேட்பார்களா?

கேட்பார்கள். தென்பெண்ணைப் பாலத்தோரம் ஒருமுறை ரோந்து வண்டி நின்றது. "என்ன தம்பி பண்றீங்க?" என்றார். "மின்னல் சார்." வானத்தைப் பார்த்தார், ஒன்றும் மின்னவில்லை. சரியாக அந்த ஐந்து நிமிஷம் ஒன்றுமே மின்னவில்லை. கேமராவில் இருந்த பழைய படத்தைக் காட்டியதும் "வீட்டு மாடியில எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நியாயமான யோசனை. அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள், துறைமுகம், சிறை, தொழிற்சாலை பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள்.

எடுத்ததை என்ன செய்வது? காசு வருமா?

வராது. சேனல்கள் எடுத்துப் போடும், பேர் போடாது. ஓரத்தில் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், வெட்டிவிட்டுப் போடுவார்கள், பழகிக்கொள்ளுங்கள். ஆனால் ஊர், தேதி, நேரம், எந்தத் திசை என்று எழுதாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். தேதி இல்லாத வீடியோ அடுத்த புயலுக்கு "சற்றுமுன் கடலூரில்" என்று உங்களுக்கே வாட்ஸ்அப்பில் திரும்பி வரும். எனக்கு வந்தது, என் சித்தப்பா அனுப்பினார், வெளியே போகாதே என்ற அறிவுரையோடு.

உங்களிடம் இருப்பதிலேயே நல்ல படம் எது?

ஒரு செப்டம்பர் சாயங்காலம், ஏழு மணி. கேப்பர் மலைப் பக்கம் மேகத்தின் வயிற்றிலிருந்து ஒரு கொடி கிளம்பி, வானத்தின் பாதி தூரம் படுக்கையாக ஓடி, கடைசியில் மனசு மாறிய மாதிரி தரைக்கு இறங்குகிறது. கீழே வரிசையாக மொட்டை மாடிகள், தொட்டிகள், டிஷ்கள். பக்கத்து வீட்டு அக்கா துணிக்கொடியை நோக்கி ஓடுகிறார். 8 வினாடி எக்ஸ்போஷர் என்பதால் அவர் வெறும் புகை மாதிரி இருக்கிறார், மின்னல் வெளிச்சத்தில் நின்றுபோன ஒரு கை மட்டும் தெளிவாக இருக்கிறது. பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அந்த ஓரத்துல தொங்குதே, அது எங்க போர்வைதான். அன்னைக்கு எடுக்கறதுக்குள்ள நனைஞ்சு போச்சு" என்றார்.